தத்தெடுத்த குழந்தையிடம் உண்மையை எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது?

"உன்னை தவிட்டுக்குத்தான் வாங்கினோம்!"

தமிழ்நாட்டில் இந்தக் கிண்டலைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. தங்கையை அழ வைக்க அண்ணன் சொல்வான், பேரனைச் சீண்ட பாட்டி சொல்வார். குழந்தை அழும், எல்லோரும் சிரிப்பார்கள். கடைசியில் அம்மா வந்து, "சும்மா சொன்னாங்கடா கண்ணு" என்று தூக்கிக்கொள்வார். அத்தோடு விஷயம் முடிந்துவிடும்.

தத்தெடுத்து வளர்க்கும் வீட்டில் ஒரு விருந்தாளி இதே கிண்டலைச் சொன்னால் என்ன ஆகும்? "சும்மா சொன்னாங்க" என்று அம்மா சமாளித்தால், அந்தப் பொய்யை அவர் வருடக்கணக்கில் காப்பாற்ற வேண்டியிருக்கும். பதில் சொல்லாமல் நின்றால், அந்த மௌனமே குழந்தைக்கு ஒரு பதிலாகிவிடும். குழந்தைக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தால் மட்டும்தான் அது வெறும் கிண்டலாகக் கடந்து போகும்.

குழந்தையிடம் சொல்லலாமா, சொன்னால் விலகிப் போய்விடுமா, எந்த வயதில் சொல்வது? தத்தெடுத்த பெற்றோர் பலரையும் தூங்கவிடாத கேள்விகள் இவை. ஆய்வுகளும் சட்டமும் என்ன சொல்கின்றன, வீட்டில் எப்படிப் பேசலாம் என்று பார்ப்போம்.

மறைத்தால் என்ன ஆகும்?

"எங்க பிள்ளைதானே, எதுக்கு தேவையில்லாம சொல்லணும்?" என்று நினைப்பதில் தவறான எண்ணம் எதுவும் இல்லை. பாசத்தில் வரும் நினைப்புதான் அது. சட்டப்படி பார்த்தாலும் தத்தெடுப்பு ஆணை வந்த பிறகு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்று இருப்பது தத்தெடுத்தவர்களின் பெயர்தான். காகிதத்தில் ரகசியம் பத்திரமாகவே இருக்கும்.

ஆனால் மனிதர்களிடம் ரகசியம் தங்காது. பெரியப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், பழைய வேலைக்காரம்மா, ஆஸ்பத்திரி நர்ஸ் என்று விஷயம் தெரிந்தவர்கள் பட்டியல் நீளமானது. சொத்துத் தகராறில் ஒருவர் வாய்விடுவார். கல்யாணப் பேச்சில் இன்னொருவர் காதில் போடுவார். பள்ளியில் ரத்த வகை பற்றிய பாடம் நடக்கும்போது, ஏபி வகை ரத்தம் உள்ளவருக்கு ஓ வகையில் குழந்தை பிறப்பது பொதுவாக நடக்காது என்று படிக்கும் பிள்ளை, வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்க்கும்.

அப்படித் தெரியவரும்போது பிள்ளைக்கு இரண்டு அடி விழுகிறது. 'நான் இவங்களுக்குப் பிறக்கல' என்பது ஒன்று. 'இத்தனை வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியல' என்பது மற்றொன்று. பல நேரங்களில் முதல் அடி ஆறிவிடும், இரண்டாவதுதான் ஆறாது. காரணம், அது பெற்றோர் மீதான நம்பிக்கையைத் தொடுகிறது. 'இதை மறைச்சவங்க வேற எதை மறைச்சிருப்பாங்க?' என்ற சந்தேகம் பிள்ளைக்கு வந்துவிடுகிறது.

தாங்கள் தத்தெடுக்கப்பட்டவர்கள் என்பதை வெவ்வேறு வயதில் தெரிந்துகொண்ட 254 பேரிடம் நடத்தப்பட்ட ஒரு ஆய்வு 2019-ல் அமெரிக்காவில் வெளியானது. சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டவர்களைவிட, தாமதமாகத் தெரிந்துகொண்டவர்களிடம் மனவேதனை அதிகமாகவும் வாழ்க்கையில் திருப்தி குறைவாகவும் இருந்ததாக அந்த ஆய்வு சொல்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. டேவிட் கிர்க் என்ற சமூகவியலாளர், தத்தெடுத்த குடும்பங்களை ஆராய்ந்து 1964-லேயே ஒரு புத்தகம் எழுதினார். 'நமக்கும் மற்ற குடும்பங்களுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை' என்று மூடி வைக்கும் வீடுகளைவிட, 'ஒரு வித்தியாசம் இருக்கிறது' என்று ஒப்புக்கொள்ளும் வீடுகளில்தான் பெற்றோரும் பிள்ளையும் மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்பது அவர் வைத்த வாதம்.

எந்த வயதில் சொல்வது?

மணிரத்னம் இயக்கிய 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் (2002), சிறுமி அமுதாவிடம் அவளுடைய ஒன்பதாவது பிறந்தநாளில் உண்மை சொல்லப்படும். கதை அங்கிருந்துதான் சூடுபிடிக்கும். சினிமாவுக்கு அப்படி ஒரு நாள் தேவை. வீட்டுக்குத் தேவையில்லை.

'சரியான வயது வரட்டும்' என்று காத்திருப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஐந்து வயதில் 'ரொம்பச் சின்னப் பிள்ளை' என்று தோன்றும். பத்தில் 'படிப்பு கெட்டுடும்' என்று தோன்றும். பதினைந்தில் 'இந்த வயசுல சொன்னா என்ன ஆகுமோ' என்ற பயம் வரும். அப்புறம் பிளஸ் டூ, காலேஜ், கல்யாணம் என்று தள்ளிக்கொண்டே போகும்.

குழந்தைகள் தத்தெடுப்பை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது பற்றி அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிராட்ஸின்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. சின்னக் குழந்தைகள் 'தத்து' என்ற வார்த்தையைச் சொல்வார்களே தவிர, அதன் பொருள் புரிந்திருக்காது. புரிதல் வயதோடு படிப்படியாகத்தான் வரும். அதனால் ஒரே நாளில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்ல முடியாது. சீக்கிரம் தொடங்கி, வயதுக்கு ஏற்ப திரும்பத் திரும்பப் பேச வேண்டும்.

2 முதல் 5 வயது வரை: இந்த வயதில் விவரத்தைவிட தொனிதான் முக்கியம். தூங்க வைக்கும்போது சொல்லும் கதைகளில் ஒன்றாக இது இருக்கலாம். "நீ ஒரு அம்மா வயித்துல வளர்ந்த. அப்புறம் ஒரு வீட்டுல ஆயாம்மா உன்னைப் பார்த்துக்கிட்டாங்க. நாங்க ரயில்ல வந்து உன்னைக் கூட்டிட்டு வந்தோம். நீ வண்டியில பூரா தூங்கிட்டே வந்த." இவ்வளவு போதும். 'தத்து' என்ற வார்த்தை வீட்டில் சாதாரணமாகப் புழங்கட்டும்.

6, 7 வயதில்: பிறப்பது வேறு, வளர்ப்பது வேறு என்று புரிய ஆரம்பிக்கும். "அப்போ நான் உன் வயித்துல இல்லியா?" என்ற கேள்வி சாம்பார் ஊற்றும்போதோ, ஸ்கூட்டரில் போகும்போதோ திடீரென்று வரும். "இல்லடா தங்கம். இன்னொரு அம்மா வயித்துல இருந்த. வளர்க்கிற அம்மா நான். எப்பவும் நான்தான்" என்று அந்த இடத்திலேயே பதில் சொல்லிவிடுவது நல்லது. 'அப்புறம் சொல்றேன்' என்றால், இது பேசக்கூடாத விஷயம் என்று குழந்தை முடிவு செய்துகொள்ளும்.

8 முதல் 11 வயது வரை: பெற்றோர் அதிகம் தடுமாறும் கட்டம் இதுதான். அதுவரை சந்தோஷமாகக் கதை கேட்ட குழந்தை, 'ஒருத்தர் என்னை எடுத்துக்கிட்டாங்கன்னா, இன்னொருத்தர் என்னை விட்டுட்டாங்க' என்ற மறுபக்கத்தை இப்போது பார்க்கும். சோகம், கோபம், காரணமில்லாத அடம் எல்லாம் வரலாம். சொன்னது தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. தன் கதையை அந்தப் பிள்ளை புரிந்துகொள்கிறது என்பதுதான் அர்த்தம். "அழாத, நாங்க இருக்கோம்ல" என்று உடனே மூடிவிடாமல், "கஷ்டமா இருக்கா? எனக்கும் சில நேரம் அவங்களை நினைச்சா கஷ்டமா இருக்கும்" என்று கூடவே இருக்கலாம்.

வளரிளம் பருவத்தில்: கேள்விகள் மாறும். "நான் யார் மாதிரி இருப்பேன்? அவங்க இப்போ எங்க இருப்பாங்க?" என்று கேட்கும். சண்டையில் "நீங்க என்னைப் பெத்தவங்களா?" என்ற வார்த்தையும் வரலாம். கோபத்தில் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவது இந்த வயதின் குணம். அந்த நேரத்தில் பதிலுக்குப் பதில் பேசாமல், கோபம் தணிந்த பிறகு உட்கார்ந்து பேசுவதே நல்லது. கையில் இருக்கும் ஆவணங்களைக் காட்டுவதற்கும் இந்த வயது பொருத்தமானது.

என்ன வார்த்தைகளில் சொல்வது?

'உண்மையான அம்மா', 'சொந்தப் பிள்ளை' என்ற இரண்டும் தவிர்க்க வேண்டிய வார்த்தைகள். வளர்க்கும் அம்மா பொய்யானவர் இல்லை. தத்து வந்த பிள்ளை அசலாரும் இல்லை. 'பெத்த அம்மா', 'வயித்துல சுமந்த அம்மா' என்று சொன்னால் போதும்.

நல்ல எண்ணத்தில் சொல்லும் சில வாக்கியங்களும் குழந்தை மனதில் வேறு மாதிரி பதிந்துவிடும்.

"உன் மேல ரொம்ப பாசம், அதனாலதான் கொடுத்தாங்க": பாசம் இருப்பவர்கள் கொடுத்துவிடுவார்கள் என்றால், 'நீங்களும் என்மேல பாசமாத்தானே இருக்கீங்க?' என்று குழந்தை பயப்படலாம்.

"காசு இல்லாததால கொடுத்துட்டாங்க": அடுத்த மாதம் அப்பா "இப்போ கையில காசு இல்லம்மா" என்று சொன்னால் குழந்தைக்குத் தூக்கம் வராது. வறுமைதான் காரணம் என்று தெரிந்திருந்தால், அதோடு "எவ்வளவு கஷ்டம் வந்தாலும் நீ இந்த வீட்டுப் பிள்ளைதான்" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"அத்தனை குழந்தைகள்ல உன்னைத்தான் தேர்ந்தெடுத்தோம்": கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை, எப்போதும் நல்ல பிள்ளையாகவே இருந்தாக வேண்டும் என்ற சுமையைத் தூக்கும். நடைமுறையும் அப்படி இல்லை. மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தில், அதாவது காராவில், பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோருக்கு, பதிவு மூப்பின் அடிப்படையில்தான் குழந்தையின் விவரம் வருகிறது. "உனக்காக ரொம்ப நாள் காத்துக்கிட்டு இருந்தோம்" என்பதில் பொய்யும் இல்லை, சுமையும் இல்லை.

"நாங்க எடுக்கலைன்னா நீ என்ன ஆயிருப்ப?": கோபத்தில்கூடச் சொல்லக்கூடாத வாக்கியம் இது. பிள்ளையைக் கடனாளி ஆக்கிவிடும்.

பெற்றவர்கள் யாரென்றே தெரியாவிட்டால்?

பெற்றோரால் முறைப்படி ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்கு ஓரளவு விவரம் இருக்கும். ஒப்படைத்த பிறகு மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெற, பெற்றோருக்கு இரண்டு மாத அவகாசத்தைச் சட்டம் தருகிறது. ஆனால் கோயில் வாசலிலோ, ஆஸ்பத்திரி வராந்தாவிலோ கிடைத்த குழந்தைக்குப் பெற்றவர்கள் யார் என்றே தெரியாது. பிறந்த தேதிகூட டாக்டர்கள் கணித்த தேதியாக இருக்கலாம்.

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டத்தின் மூலம் வந்த குழந்தைகளும் தமிழ்நாட்டில் உண்டு. அப்போது தொட்டிலில் விடப்பட்டவர்கள் இன்று முப்பது வயதைத் தாண்டியவர்கள். பலர் இப்போது அம்மாவாகவே ஆகியிருப்பார்கள்.

இப்படிப்பட்ட கதையைச் சொல்வது பெற்றோருக்குக் கஷ்டம்தான். அதற்காக இல்லாத ஒரு அழகான கதையைக் கட்டக்கூடாது. "விபத்துல ரெண்டு பேரும் இறந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு, பின்னாளில் ஆவணத்தில் வேறு மாதிரி இருந்தால் நம்பிக்கை போய்விடும். தெரிந்ததை மட்டும் சொல்லலாம்: "உன்னை ஒரு பாதுகாப்பான இடத்துல விட்டுட்டுப் போனாங்க. ஏன்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா நீ செஞ்ச எதுவும் காரணம் இல்ல. நீ குட்டிப் பாப்பா." 'குப்பைத்தொட்டி' போன்ற கடினமான விவரம் இருந்தால், வயது வரும் வரை அதைத் தள்ளிப்போடலாம். தள்ளிப்போடுவது வேறு, பொய் சொல்வது வேறு.

ஆவணத்தில் இருப்பதே முழு உண்மை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. தென் கொரியாவில் இருந்து வெளிநாடுகளுக்குத் தத்து அனுப்பப்பட்ட பலரின் ஆவணங்கள் திரிக்கப்பட்டிருந்ததாகவும், பெற்றோர் இருந்தும் அநாதைகள் என்று பதிவு செய்யப்பட்டதாகவும் அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் அறிவித்தது. அதனால் "பேப்பர்ல இப்படித்தான் இருக்கு, எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்" என்று சொல்வதே நேர்மையானது.

பலர் வீட்டில் ஒரு நினைவுப் பெட்டி வைத்திருக்கிறார்கள். குழந்தை வந்த அன்று போட்டிருந்த சட்டை, முதல் போட்டோ, இல்லத்தின் பெயர், ரயில் டிக்கெட், குழந்தை பற்றிய ஆய்வு அறிக்கை, மருத்துவ அறிக்கை எல்லாம் அதில் இருக்கும். வார்த்தை வராத இடத்தில் அந்தப் பெட்டி பேசும். ஆறு, ஏழு வயதில் தத்து வரும் பிள்ளைகளுக்குச் சொந்த நினைவுகளே இருக்கும். அவர்களிடம் 'பழசை மறந்துடு' என்று சொல்வதைவிட, அவர்கள் சொல்வதைக் கேட்பதுதான் முதல் வேலை.

உறவுக்குள்ளேயே தத்து கொடுத்திருந்தால்?

அக்கா பிள்ளையைத் தங்கை வளர்ப்பதும், தம்பி மகனை அண்ணன் சுவீகாரம் எடுப்பதும் நம் குடும்பங்களில் பழைய வழக்கம். இதில் சிக்கல் வேறு மாதிரி. பெற்ற அம்மா 'சித்தி'யாக ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டுக்கு வருவார். ஊருக்கே தெரியும், பிள்ளைக்கு மட்டும் தெரியாது.

இங்கே இரண்டு குடும்பமும் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். பிள்ளை யாரை எப்படிக் கூப்பிடும், யார் முதலில் சொல்வது, கூடப்பிறந்தவர்களிடம் என்ன சொல்வது என்பதில் ஒரே முடிவு இருக்க வேண்டும். 'ஏன் என்னை மட்டும் கொடுத்தீங்க?' என்ற கேள்வி ஒருநாள் நிச்சயம் வரும். அதற்குப் பெற்றவர்களும் பதில் வைத்திருக்க வேண்டும்.

வெளியாட்களிடம் எவ்வளவு சொல்லலாம்?

குழந்தையிடம் மறைக்காமல் இருப்பது என்றால் ஊரெல்லாம் சொல்வது என்று அர்த்தம் இல்லை. தத்தெடுத்தது குடும்பத்தின் செய்தி. ஆனால் எங்கே கிடைத்தது, பெற்றவள் யார், ஏன் விட்டாள் என்பது அந்தக் குழந்தையின் சொந்தக் கதை. அதை யாரிடம் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமையும் வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளைக்குத்தான்.

"என்ன ஜாதி பிள்ளை?", "நட்சத்திரம் என்ன?" என்று கேட்கும் உறவினர்களுக்கு, "எங்க பிள்ளை. வேற எதுவும் தெரியவும் தெரியாது, தேவையும் இல்ல" என்பதே போதுமான பதில். பெற்றோர் இந்தக் கேள்வியை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைக் குழந்தை பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

பள்ளியில் 'ஃபேமிலி ட்ரீ' வரைந்து வரச் சொல்வதும், 'குழந்தையா இருந்தப்போ எடுத்த போட்டோ' கேட்பதும் சாதாரணம். வகுப்பு டீச்சரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். டாக்டரிடம் மட்டும் மறைக்கவே கூடாது. 'குடும்பத்துல யாருக்காவது சுகர், ஹார்ட் பிரச்சனை இருக்கா?' என்று கேட்டால், வளர்க்கும் பெற்றோரின் விவரத்தைச் சொல்வது சிகிச்சையைத் திசைதிருப்பிவிடும். 'தெரியாது' என்பதே சரியான பதில்.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தையிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று இந்தியச் சட்டம் பெற்றோரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் தன் பூர்வீகத்தைத் தேடும் வழியைப் பிள்ளைக்குத் திறந்து வைத்திருக்கிறது. 2022-ல் வந்த தத்தெடுப்பு ஒழுங்குமுறை விதிகளில் 'ரூட் சர்ச்', அதாவது வேர்களைத் தேடுவது பற்றித் தனி விதியே இருக்கிறது. அதன் முக்கிய அம்சங்கள்:

• 18 வயது நிரம்பியவர் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே இருந்தால் தத்தெடுத்த பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும்.

• தத்து மையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, காரா போன்ற அமைப்புகள் தேடலுக்கு உதவ வேண்டும்.

• ஒப்படைக்கும்போது 'எங்கள் அடையாளம் வெளியே வரக்கூடாது' என்று பெற்றவர்கள் கேட்டிருந்தால், அவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை.

• அவர்கள் மறுத்தாலோ, கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, எந்தச் சூழ்நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்ற காரணத்தைத் தெரிவிக்கலாம்.

• மூன்றாம் நபர் மூலம் தேடுவதற்கு அனுமதி இல்லை. பணம் வாங்கிக்கொண்டு தேடித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கை தேவை.

பிள்ளையின் அறியும் உரிமை, பெற்றவரின் அந்தரங்க உரிமையை மீறக்கூடாது என்பதுதான் விதியின் சாரம். திருமணத்துக்கு முன் பெற்று ஒப்படைத்த ஒரு பெண், இன்று வேறொரு குடும்பத்தில் யாருக்கும் தெரியாமல் வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவர் வாசலில் திடீரென்று போய் நிற்பது அவர் வாழ்க்கையையே புரட்டிப் போடலாம்.

இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும், இயன்றவரை தன் பெற்றோர் யார் என்று அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது.

பிள்ளை தேடப் போவதாகச் சொன்னால், 'எங்க பாசம் பத்தலையா?' என்று கேட்கத் தோன்றும். தேடுவது பெரும்பாலும் புது அம்மா வேண்டும் என்பதற்காக இல்லை, ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதற்காகத்தான். கூடவே போகும் பெற்றோருக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஏற்கெனவே தாமதமாகிவிட்டதா?

பிள்ளைக்கு 14 வயது, 20 வயது ஆகிவிட்டது, இன்னும் சொல்லவில்லை என்றால், வேறு யாரோ சொல்வதற்கு முன் பெற்றோர் சொல்லிவிடுவதுதான் ஒரே வழி.

பிறந்தநாள், பரீட்சை, கல்யாணம், சண்டை நடந்த நாள் ஆகியவற்றைத் தவிர்த்து, அவசரமில்லாத ஒரு நாளாகப் பார்க்கலாம். அம்மா, அப்பா இருவரும் இருந்தால் இருவரும் சேர்ந்தே சொல்ல வேண்டும். "இதை முன்னாடியே சொல்லியிருக்கணும். நீ எங்களை விட்டுப் போயிடுவியோன்னு பயந்துட்டோம். அது எங்க தப்பு" என்று ஒப்புக்கொள்வது, நூறு காரணங்கள் சொல்வதைவிட மேல்.

பிள்ளை வேறு வழியில் தெரிந்துகொண்டு வந்து கேட்டால், "யார் சொன்னா உனக்கு?" என்று முதல் கேள்வி கேட்கக் கூடாது. முதலில் "ஆமா, உண்மைதான்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு சில நாட்கள் பேசாமல் இருக்கலாம், சாப்பிடாமல் இருக்கலாம். தூக்கமின்மை, தனிமை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு தெரிந்தால் உடனே மனநல ஆலோசகரை அணுக வேண்டும். குழந்தை வந்த தத்து மையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

இதைப் படிக்கும் பெற்றோரின் மடியில் இப்போது ஒரு வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால், இன்று இரவே தொடங்கலாம். குழந்தைக்கு ஒன்றும் புரியாது. ஆனால் சொல்பவருக்கு நாக்கு பழகும். "ஒரு நாள் உன்னைக் கூட்டிட்டு வர நாங்க போனோமாம்..." என்று தினமும் சொல்லிச் சொல்லி, அது அந்த வீட்டின் கதையாகிவிட்டால் போதும். நாளைக்கு யாராவது "உன்னை தவிட்டுக்கு வாங்கினாங்க" என்று சீண்டினால், குழந்தையே திருப்பிச் சொல்லும்: "தவிட்டுக்கு இல்ல. என்னைத் தத்தெடுத்தாங்க. ரயில்ல கூட்டிட்டு வந்தாங்க. நான் வழி பூரா தூங்கிட்டே வந்தேன்."